கூலே த செரான் ஒயின் கெட்டுவிட்டதா?

வணக்கம். பரிசாக வந்த கூலே த செரான் வெள்ளை ஒயினைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு திறந்ததாகவும், அடர்ந்த பொன்னிறமும் மந்தமான மணமும் கண்டு கெட்டுவிட்டதோ என்று ஐயப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள், பெரும்பாலும் அது கெட்டிருக்காது.

பிரான்சின் லுவார் ஆற்றங்கரையில், சவென்னியேர் என்னும் ஊரில், 1130-ஆம் ஆண்டில் சிஸ்டர்சியன் என்னும் கிறித்தவ சபைத் துறவிகள் திராட்சைக் கொடி நட்ட, ஏறத்தாழ 7 ஹெக்டேர் பரப்புள்ள சரிவு நிலத்தில் விளைந்தது அந்த ஒயின். 1960-களில் அந்த நிலத்தை வாங்கிய ஜோலி குடும்பத்தின் நிக்கோலா ஜோலி, களைக்கொல்லி தெளித்த சில ஆண்டுகளிலேயே மண்ணின் நிறம் மாறி உயிரினங்கள் குறைந்ததைக் கண்டு, 1980-களின் தொடக்கத்தில் செயற்கை இரசாயனங்களைத் தவிர்த்து, நிலத்தை ஓர் உயிராகவே பேணும் உயிராற்றல் வேளாண்மைக்கு (பயோடைனமிக்) மாறினார். செங்குத்தான பகுதிகளை இன்றும் குதிரை பூட்டியே உழுகிறார்கள். ஷெனின் பிளாங்க் என்னும் ஒரே இரகத் திராட்சையை, நன்கு பழுக்கவிட்டுப் பல சுற்றுகளாகப் பறிப்பதால், அந்தப் பொன்னிறம் அதற்கு இயல்பானதே.

குளிர்ச்சிதான் மணத்தை அடக்கியிருக்கும் என்பது என் கணிப்பு. முந்தைய நாளே திறந்து வேறு குடுவைக்கு மாற்றி, 14 பாகை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்பது ஜோலியின் அறிவுரை. எஞ்சியதை நாளை மாலை மீண்டும் சுவைத்துப் பாருங்கள். அப்போதும் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை அடித்தால், தக்கையால் வந்த கேடு அது. விற்ற கடையிலேயே முறையிடலாம்.