சுவரை மூடும் முன்: வாங்குவோர் கேள்வி-பதில்

வீட்டுக்குள் நடுச்சுவர் எழுப்புவது பற்றிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. செங்கல்லா, ஜிப்சம் போர்டா, குழாயும் ஒயரும் எப்படிப் போகும், காசு கொடுத்து ஏமாந்தால் என்ன செய்வது என்று பல கேள்விகள். இந்த முறை முழுக்க அதுவே. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

மாடி ஹாலை மறித்து இரண்டு அறையாக்கப் போகிறோம். செங்கல் சுவர்தான் காலத்துக்கும் நிற்கும் என்கிறார் மேஸ்திரி. ஜிப்சம் போர்டு போதும் என்கிறான் மகன். யார் சொல்வது சரி? — அழகாபுரம் வாசகர்

சுவர் வரப்போகும் இடத்துக்கு நேர் கீழே பீம் இருக்கிறதா? அதை முதலில் பாருங்கள். நாலரை இஞ்ச் செங்கல் சுவர், 10 அடி உயரம், இரு பக்கமும் பூச்சு என்றால் ஓர் அடி நீளத்துக்கே 200 கிலோவைத் தாண்டும். 12 அடி ஹாலை மறித்தால் சுமார் இரண்டரை டன். பீம் இல்லாத தளத்தின் மேல் அதை ஏற்றலாமா என்று இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும், மேஸ்திரி அல்ல. ஜிப்சம் சுவரின் எடை இதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். மாடிக்கு உங்கள் மகன் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

50 மி.மீ. ஸ்டட் (போர்டைத் தாங்க நிறுத்தும் தகட்டுச் சட்டம்) நிறுத்தி, இரு பக்கமும் 12.5 மி.மீ. போர்டு அடித்தால் மொத்தக் கனம் 75 மி.மீ., அதாவது மூன்று இஞ்ச். ஸ்டட்டில் ஏற்கெனவே துளைகள் இருக்கும், 25 மி.மீ. ஒயரிங் பைப் அதன் வழியே தாராளமாகப் போகும். ஒன்றை மட்டும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்: இரண்டு அறைக்கும் ஸ்விட்ச் பாக்ஸை ஒரே இடத்தில் முதுகோடு முதுகாக வைக்கக் கூடாது. 50 மி.மீ. இடைவெளியில் இரண்டு பாக்ஸ் அடங்காது. அடக்கினாலும் ஓர் அறையில் பேசுவது அடுத்த அறையில் கேட்கும். ஒரு ஸ்டட்டாவது தள்ளி வையுங்கள். ஏ.சி. தண்ணீர்க் குழாய் சுவருக்குள் போவதாக இருந்தால் அதற்குச் சரிவு வேண்டும். படுக்கைவாட்டில் மட்டமாக ஓட்டினால் தண்ணீர் உள்ளேயே தேங்கும்.

நாலரை இஞ்ச் செங்கல் சுவரில் தண்ணீர்க் குழாய்க்காகப் படுக்கைவாட்டில் ஆறடிக்குக் காடி (குழாய் பதிக்கும் பள்ளம்) அடித்துவிட்டார் பிளம்பர். மறுபக்கம் எலக்ட்ரீசியனும் அதே உயரத்தில் அடித்திருக்கிறார். ஆபத்தா? — சூரமங்கலம் வாசகர்

ஆபத்துதான். சுமை தாங்கும் சுவரில் குத்துக்காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், படுக்கைக்காடி ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது என்கிறது ஐ.எஸ். 1905 என்ற இந்தியத் தரவிதி. சுமை தாங்காத நடுச்சுவருக்கும் அந்தக் கணக்கை வைத்துக்கொள்வதே நல்லது. 115 மி.மீ. சுவரில் ஆறில் ஒரு பங்கு 19 மி.மீ. ஒரு இஞ்ச் குழாயே அதற்குள் அடங்காது. நீங்களோ இரு பக்கமும் வெட்டியிருக்கிறீர்கள், நடுவில் மிஞ்சியிருப்பது கொஞ்சம் கல்தான். ஒரு பக்கக் காடியை இன்றே கலவை வைத்து அடைக்கச் சொல்லுங்கள். ஒயரை மேலே தளத்தை ஒட்டிக் கொண்டுபோய் அங்கிருந்து குத்தாக இறக்குங்கள்.

கட்டில் பக்கத்து ஜிப்சம் சுவரில் 25 லிட்டர் கீசரை மாட்டலாமா? — குகை வாசகி

கூடாது. தண்ணீர் மட்டுமே 25 கிலோ, அதோடு தொட்டியின் எடையும் சேரும். செங்கல் சுவரில் மாட்டுங்கள்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முழுத் தொகையையும் கொடுத்துவிட்டேன். பில் இல்லை. இப்போது சுவரில் கை வைத்தால் ஆடுகிறது. கேட்டால், நீங்கள் பேசிய ரேட்டுக்கு இதுதான் வரும் என்கிறார். — ஓமலூர் சாலை வாசகர்

என்ன ரேட் பேசினீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்கான ரேட் என்று கடிதம் முழுதும் தேடியும் கிடைக்கவில்லை. ஸ்டட் 50-ஆ 70-ஆ? தகடு எவ்வளவு கனம்? எத்தனை அடிக்கு ஒரு ஸ்டட்? சதுர அடி ஒரு பக்கத்துக்கா, இரு பக்கத்துக்குமா? கதவு வரும் இடத்தைக் கழித்தாரா? இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்காமல் முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுத்தால், வந்தவர் தன்னிடம் இருப்பதைத்தான் நிறுத்துவார். இதே விஷயத்தை இந்தப் பகுதியில் எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது. படித்துவிட்டு அடுத்த வாரமே வாய்ப்பேச்சில் லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

ஆடுவதற்குத் தகட்டின் கனம் காரணமாக இருக்கலாம். என் வீட்டு மாடி அறைக்கு 0.55 மி.மீ. என்று சொல்லி ஒரு கடையில் விற்ற தகட்டுச் சானலை (ஸ்டட் சட்டத்தை) மைக்ரோமீட்டரில் அளந்தபோது 0.4 கூட வரவில்லை. கதவைச் சாத்தும்போதெல்லாம் அந்தச் சுவர் அதிர்ந்தது, கதவு மூலையில் விரிசலும் விட்டது. பிரித்து மறுபடி அடித்த செலவு புதிதாகக் கட்டிய செலவுக்குச் சமம். அதனால் சொல்கிறேன், தகட்டை அளந்து பார்த்து வாங்குங்கள். கதவு நிலையின் இரு பக்கமும் ஸ்டட்டுக்குள் மரச்சட்டமோ இரட்டை ஸ்டட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த இடத்தையாவது பிரித்து வலுவாக்குங்கள். பணத்தை ஜிபே மூலம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும், வாட்ஸ்அப்பில் பேசியதும் உங்களுக்குச் சாட்சி. அழித்துவிடாதீர்கள்.

ஏற்காட்டில் எங்கள் வீட்டோடு சேர்த்து இரண்டு அறை கட்டி, நானும் கணவரும் விருந்தினருக்கு விட்டுப் பிழைக்கிறோம். ஓதம் தாங்கும் பச்சை போர்டு என்று சொல்லி அதற்கான விலையை வாங்கினார்கள். ஒரு மழைக்காலத்தில் சுவரின் அடிப்பகுதி ஊதி, கறுப்புப் பூஞ்சை பிடித்துவிட்டது. மூலையில் பெயர்த்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறக் காகிதம். கடையில் கேட்டால் மலையில் அப்படித்தான் ஆகும் என்கிறார்கள். — ஏற்காடு வாசகி

உங்கள் கடிதத்தைப் படிக்கவே கஷ்டமாக இருந்தது, அம்மா. நீங்கள் சரியான பொருளைத்தான் கேட்டிருக்கிறீர்கள், அதற்கு உரிய விலையும் கொடுத்திருக்கிறீர்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மழைக்காலம் முழுக்க மூடுபனி இறங்கும் ஊருக்குச் சாதாரண போர்டைக் கொண்டுவந்து அடித்துவிட்டு மலையைக் குறை சொல்வது அநியாயம்.

ஓதம் தாங்கும் போர்டின் முகக் காகிதம் வழக்கமாகப் பச்சை நிறத்தில் இருக்கும், தீ தாங்கும் வகை இளஞ்சிவப்பு. சாம்பல் அல்லது வெளிர் நிறம் என்றால் சாதாரண வகை. போர்டின் முதுகில் கம்பெனிப் பெயர், வகை, ஐ.எஸ். 2095 என்ற எண் அச்சாகியிருக்கும். ஊதிய இடத்தில் ஓரடிக்கு ஓரடி வெட்டி எடுத்து, அந்த அச்சு தெரியப் படம் பிடித்து, துண்டையும் பத்திரமாக வையுங்கள். உங்கள் வழக்கே அந்தத் துண்டில்தான் இருக்கிறது.

பிறகு கடைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம். பச்சை போர்டுக்கு விலை வாங்கிச் சாதாரண போர்டு கொடுத்தீர்கள், மாற்றித் தாருங்கள் அல்லது பணத்தைத் திருப்பித் தாருங்கள், இத்தனை நாளுக்குள் என்று எழுதுங்கள். குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள்ளோ, குறிக்காவிட்டால் 30 நாளுக்குள்ளோ திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அந்தக் காலம் தாண்டியிருந்தாலும் சோர்ந்துவிட வேண்டாம், வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசிப் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று எதிர்த் தரப்பு வாதாடும். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவர்களைச் சட்டம் அந்த விலக்கில் சேர்க்கவில்லை. நீங்களும் கணவரும் நேரடியாக நடத்துகிறீர்கள், அதுதான் வாழ்வாதாரம் என்பதைப் புகாரிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.

மறுபடி போர்டு அடிக்கும்போது அது தரையைத் தொடக் கூடாது. ஒரு செ.மீ. தூக்கி நிறுத்தி, இடைவெளியைச் சீலன்ட் வைத்து அடைத்து, மேலே ஸ்கர்ட்டிங் (சுவரடிப் பட்டை) ஒட்டச் சொல்லுங்கள். ஓதம் தாங்கும் போர்டும் தண்ணீரில் நின்றால் தாங்காது. வெளிச்சுவரிலிருந்து நீர் கசிகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், அதை நிறுத்தாமல் எந்தப் போர்டு போட்டாலும் வீண்.

ஜிப்சம் சுவருக்குள் காலியாகத்தானே இருக்கிறது, ஒயருக்குப் பைப் வேண்டாம், அப்படியே விட்டுவிடலாம் என்கிறார் எலக்ட்ரீசியன். செலவும் குறையுமாம். — கொண்டலாம்பட்டி வாசகர்

வேண்டவே வேண்டாம். இந்த ஒரு வேலையை எங்கே பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சுவருக்குள் காலியிடம் இருக்கிறது, சரி. அந்த இடத்தைச் சுற்றி இருப்பது என்ன? மெல்லிய தகடு. அதன் துளை விளிம்பு கையையே கிழிக்கும். அதில் உரசிக்கொண்டே கிடக்கும் ஒயரின் மேல்தோல் எத்தனை நாள் தாங்கும்? போர்டை அடிக்கும் ஸ்க்ரூ 25 மி.மீ. நீளம். போர்டு 12.5 மி.மீ. மீதி 12 மி.மீ. முனை சுவருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்டட்டை ஒட்டி ஒயர் கிடந்தால் ஸ்க்ரூ அதில் இறங்கலாம், இறங்கியது அடித்தவருக்கே தெரியாது. அதற்குப் பிறகு மொத்த ஃபிரேமிலும் மின்சாரம் பாயலாம். எலி வேறு இருக்கிறது. பழைய கடைவீதிப் பக்கத்து வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, பத்து வருடம் கழித்து ஏ.சி.க்குத் தடித்த ஒயர் வேண்டியிருக்கும். பைப் இருந்தால் பழையதை உருவிப் புதியதை இழுக்கலாம். இல்லையென்றால் சுவரைக் கிழிக்க வேண்டும். இவ்வளவும் எதற்காக? மொத்தச் செலவில் கணக்கிலேயே வராத பைப் காசுக்காக.

ஐ.எஸ். 9537 முத்திரையுள்ள ஒயரிங் பைப் வாங்குங்கள். அது ஸ்டட்டின் துளைகளில் போகும்போது ரப்பர் வளையம் போடச் சொல்லுங்கள். ஃபிரேமுக்கு எர்த் கொடுத்தே ஆக வேண்டும். மெயின் ஸ்விட்ச் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாத வீட்டில் சுவர் வேலைக்கு முன் அதை வாங்குங்கள். நெட் கேபிளும் டி.வி. கேபிளும் தனிப் பைப்பில் போக வேண்டும்.

எஸ்டிமேட்டிலேயே ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: “ஒரு பக்கம் போர்டு அடித்த பிறகு வீட்டுக்காரர் பார்த்துச் சரி சொன்ன பின்பே மறுபக்கம் மூடப்படும்.” கடைசித் தவணைப் பணத்தை அதோடு கட்டுங்கள். மூடும் முன் சுவரின் ஒரு மூலையிலிருந்து டேப்பை இழுத்து வைத்து, ஒவ்வொரு ஸ்டட்டும் பைப்பும் எத்தனையாவது இஞ்சில் இருக்கிறது என்று தெரிகிற மாதிரிப் படம் எடுங்கள். தண்ணீர்க் குழாய் இருந்தால் பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி ஓர் இரவு விடச் சொல்லுங்கள். காலையில் மீட்டர் முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. அந்த நேரத்தில் கண்டுபிடித்தால் ஒரு ஜாயின்ட் மாற்றும் வேலை. டி.வி., கிச்சன் கப்போர்டு, வாஷ்பேசின் வரும் இடங்களில் ஸ்டட்டுகளுக்கு நடுவே பிளைவுட் பலகை வைப்பதும் இப்போதுதான் முடியும். மூடிய பிறகு யார் வந்து சொன்னாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களால் பார்க்க முடியாது. நல்ல வேலைக்காரர் இந்த நிபந்தனைக்கு மறுப்புச் சொல்ல மாட்டார். மறுப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

பையன் நீட் தேர்வுக்குப் படிக்கிறான். நடுவில் ஜிப்சம் சுவர் போட்டும் ஹால் டி.வி. சத்தம் அப்படியே கேட்கிறது. — ஃபேர்லேண்ட்ஸ் வாசகி

சுவர் ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிட்டதா என்று ஏறிப் பாருங்கள். அப்படியென்றால் சத்தம் மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்குகிறது. தளம் வரை போர்டை நீட்ட வேண்டும். உள்ளே ராக்வூல் (சத்தத்தை உறிஞ்சும் பஞ்சு) இல்லையென்றால் ஒரு பக்கத்தைப் பிரித்து அதை நிரப்புங்கள், ஹால் பக்கம் இரண்டாவது போர்டு ஒன்றும் அடியுங்கள். தேர்வு முடியும் வரை டி.வி.யையும் கொஞ்சம் குறைத்து வைக்கலாம்.

படுக்கையறை ஓரத்தில் பாத்ரூம் எடுக்கிறோம். டாய்லெட்டின் நாலு இஞ்ச் குழாயை ஜிப்சம் சுவருக்குள் மறைக்க முடியுமா? — அம்மாபேட்டை வாசகர்

ஒற்றை ஸ்டட் வரிசையில் முடியாது. அந்தக் குழாயின் வெளிவிட்டம் 110 மி.மீ., ஸ்டட் 50 அல்லது 70. இரண்டு வரிசை ஸ்டட்டை இடைவெளி விட்டு நிறுத்தி, குழாயை நடுவில் விட வேண்டும். சுவர் ஒன்பது இஞ்ச் அளவுக்கு வரும், அறையின் அளவில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். பாத்ரூம் பக்கம் ஜிப்சம் வேண்டாம், சிமென்ட் ஃபைபர் போர்டு போட்டு, வாட்டர்புரூஃபிங் பூசி, அதன் மேல் டைல்ஸ். டைல்ஸ் வரும் பக்கம் ஸ்டட் 16 இஞ்சுக்கு ஒன்று இருக்கட்டும்.

ஸ்க்ரூவையும் பாருங்கள். ஜிப்சத்துக்கு அடிக்கும் கறுப்பு ஸ்க்ரூவையே ஈர இடத்துக்கும் ஏற்றது என்று என்னிடம் ஒரு கடைக்காரர் விற்றார். துருப்பிடித்து, பெயின்ட்டுக்கு மேல் வரிசையாகப் பழுப்புப் புள்ளி வந்தது. எத்தனை கோட் அடித்தும் மறையவில்லை. துரு தாங்கும் பூச்சுள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

குழாயின் ஜாயின்ட்டும் வால்வும் வரும் இடத்தில் ஒரு சிறிய கதவு விடச் சொல்லுங்கள். அழகு கெடும் என்று டிசைனர் சொல்வார். விட்டே தீர வேண்டும் என்று சொல்லுங்கள்.

பிளைவுட்டில் பார்ட்டிஷன் அடித்து அதன் மேலேயே ஒயர் ஓட்டலாமா? கரையான் தொல்லையும் உண்டு. — அயோத்தியாப்பட்டணம் வாசகர்

கரையான் இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டு மரத்தை ஏன் கேட்கிறீர்கள்? ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ஸ்டட் போடுங்கள். ஒயர் பைப்புக்குள் போகட்டும்.