அணிலுக்குச் சரி, குருவிக்குச் சரிவருமா?

வணக்கம்.

போன வருடம் காற்றில் விழுந்த ஓர் அணில்குட்டியை எடுத்து வளர்த்தோம். இப்போது எங்கள் முருங்கைமரத்தில் தானாகச் சுற்றுகிறது, நாள் முழுக்கக் கத்துகிறது. இன்று காலை சுவர்ப் பொந்திலிருந்து ஒரு குண்டுக்கரிச்சான் குஞ்சு விழுந்துவிட்டது. இறகு சரியாக முளைக்கவில்லை. இதையும் அப்படியே வளர்க்கலாம் என்று மகன் அடம்பிடிக்கிறான். வளர்க்கலாமா?

வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள வாசகிக்கு,

கடிதம் கிடைத்ததுமே, குஞ்சைப் பொந்தில் திரும்ப வைக்கச் சொல்லி இரண்டு வரி அனுப்பியிருந்தேன். காரணத்தை இங்கே எழுதுகிறேன். மனிதக் கை பட்டால் தாய்ப்பறவை சேர்க்காது என்று பயப்பட வேண்டாம். குஞ்சு வாயைப் பிளந்து கத்தினால் அது இரை ஊட்டும்.

உங்கள் அணில் கத்தும்போது கவனியுங்கள். மரத்தில் தலைகீழாகப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு கீச்சுக்கும் வாலை வெடுக்கென்று உதறி, ஒரே ஒலியை நிமிடக்கணக்கில் எழுப்பும். பெரும்பாலும் பூனை கண்ணில் பட்டிருக்கும். இதை யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை. கொறிக்கும் விலங்குகளுக்குக் குரல் பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. அதனால்தான் உங்கள் வீட்டில் வளர்ந்தும் அது அணிலாகவே கத்துகிறது.

குண்டுக்கரிச்சான் பாடும் பறவை. கோடையில் விடியும் முன்பே ஆண் குருவி உயரமான இடம் பார்த்து உட்கார்ந்து, வாலைத் தூக்கிக்கொண்டு பாடும். ஒரு அடி பாடி நிறுத்தும், அடுத்ததை மாற்றிப் பாடும், நடுவே வேறு பறவைகளின் குரலும் வந்துபோகும். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கிறது அதன் குரல்பெட்டி. அந்தக் கருவி மட்டும் போதாது, காதால் கேட்டுத்தான் பாட்டு படிகிறது. 1950களில் கேம்பிரிட்ஜில் வில்லியம் தோர்ப் என்ற விலங்கியலாளர், சாஃபின்ச் என்ற சிறு குருவியின் குஞ்சுகளைப் பெரிய பறவைகளின் பாட்டே காதில் விழாமல் வளர்த்தார். அவையும் பாடின, ஆனால் அந்த இனத்தின் முழுப் பாட்டு வரவில்லை. உருக்குலைந்த மொட்டைப் பாட்டுதான் வந்தது.

காட்டிலேயே இப்படி நடக்கிறது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் ரீஜென்ட் ஹனிஈட்டர் என்ற பறவை இனம் சில நூறாகக் குறைந்துவிட்டது. பாடிக் காட்ட மூத்த பறவைகள் பக்கத்தில் இல்லாததால், இளம் ஆண்களில் சில வேறு இனங்களின் பாட்டைப் பாடுகின்றன என்று 2021இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அப்படிப் பாடும் ஆண்களுக்குத் துணை அமைவதும் குறைவாம்.

அதனால் அந்தக் குஞ்சு தன் அப்பனின் பாட்டு கேட்கும் தூரத்தில் வளரட்டும். பொந்து எட்டாத உயரத்தில் இருந்தால், சிறு கூடையில் காய்ந்த புல்லைப் போட்டு, பூனை ஏற முடியாதபடி பக்கத்திலேயே கட்டுங்கள். தாய் வருகிறதா என்று மகன் ஜன்னலுக்கு உள்ளிருந்தே பார்க்கட்டும். ரொம்ப நேரமாகியும் வரவில்லை என்றால் வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.