பாட்டியின் பாட்டுக்கு எத்தனை பிளகின் வேண்டும்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படகர் ஊரில், இருக்கிறோம். பாட்டி பாடும் படக மொழிப் பாட்டுகளை வீட்டிலேயே பதிவு செய்ய ஆசை. பழைய லேப்டாப்பில் ஒலிப்பதிவுக்கு ஏற்ற லினக்ஸான உபுண்டு ஸ்டுடியோ போட்டு, ஆடியோ இன்டர்ஃபேஸும் மைக்கும் வாங்கிவிட்டேன். பதிவு மென்பொருளான ஆர்டோரைத் திறந்தால், ஒலியைத் திருத்தச் சேர்க்கும் துணை நிரல்களான பிளகின்களின் பட்டியல் முடிவில்லாமல் நீள்கிறது. நண்பன் பென்டிரைவில் தந்த பிளகின்கள் அதில் தென்படவே இல்லை. பதிவில் நடுநடுவே ‘டிக் டிக்’ சத்தம் வேறு. எதில் தொடங்குவது?

பதில்: முதலில் அந்த ‘டிக் டிக்’. லேப்டாப் குறித்த நேரத்துக்குள் ஒலியைக் கையாண்டு முடிக்காவிட்டால் இப்படி அறுபடும். ஆர்டோரின் மேல்பட்டையில் எக்ஸ்ரன் (இப்படி அறுபட்ட தடவை) எண்ணிக்கை ஏறுகிறதா பாருங்கள். ஏறினால் பஃபரை, அதாவது லேப்டாப் ஒரு தடவையில் கையாளும் ஒலித் துண்டின் அளவை, 1024 சாம்பிளுக்கு உயர்த்துங்கள். நொடிக்கு 48,000 சாம்பிள் (48,000 ஹெர்ட்ஸ்) பதிவில் அது சுமார் 21 மில்லிசெகண்ட் தாமதம். ஹெட்ஃபோனில் தன் குரலைக் கேட்டுக்கொண்டே பாடுபவருக்கு அது இடைஞ்சல். பாட்டி ஹெட்ஃபோன் இல்லாமல் பாடுகிறார், அவருக்கு அந்தக் கவலை இல்லை. உங்கள் பயனர் கணக்கு, ஒலி வேலைக்கு முன்னுரிமை தரும் ‘ஆடியோ’ குழுவில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

நண்பர் தந்தவை விண்டோஸுக்கானவையாக இருக்கும். வைன், யாபிரிட்ஜ் என்ற இரண்டு மென்பொருள்களையும் போட்டு அவற்றை ஓட்ட வழி உண்டு, இப்போது அந்த வேலை வேண்டாம். லினக்ஸுக்கென்றே எழுதிய, எல்வி2 என்ற வகைப் பிளகின்களே உங்களுக்குப் போதும்.

மூன்று எடுத்துக்கொள்ளுங்கள்: கனத்த, கூர்மையான ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்க எல்எஸ்பி ஈக்வலைசர் (ஈக்யூ), உரத்த இடங்களைத் தணிக்க எல்எஸ்பி கம்ப்ரசர், அறையின் எதிரொலி சேர்க்க டிராகன்ஃபிளை ரூம் ரிவெர்ப். ஈக்யூவில் ஹைபாஸ் (கனத்த ஒலியை நிறுத்தும் வடிகட்டி) வைத்து 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். மலைரோட்டில் கியர் மாற்றி ஏறும் லாரியின் உறுமல் பாதி அங்கேயே போய்விடும். கம்ப்ரசரில் விகிதம் 2:1, ஒலி எவ்வளவு தணிகிறது என்று காட்டும் மீட்டர் 3 டெசிபலுக்கு மேல் இறங்கக் கூடாது. வயதானவர்கள் அடியின் கடைசிச் சொல்லை மூச்சோடு சேர்த்துத் தணித்து விடுவார்கள். அதைத் தூக்க கம்ப்ரசரை இறுக்கினால் அறையின் இரைச்சலும் சேர்ந்து எழும். அந்தச் சொல்லை மட்டும் ஆட்டோமேஷன் கோட்டில் (ஒலியளவு எங்கே ஏற, இறங்க வேண்டும் என்று வரையும் கோடு) கையால் உயர்த்துங்கள். நேரம் பிடிக்கும்தான், ஆனால் குரல் குரலாகவே இருக்கும். ரிவெர்ப் இருப்பது தெரியாத அளவு போதும்.

தகரக் கூரையில் விழும் மழையை எந்த பிளகினாலும் சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியாது, அந்தச் சத்தம் குரல் இருக்கும் இடமெல்லாம் பரவியிருக்கும். உங்கள் பக்கம் ஐப்பசி மழை வலுவாயிற்றே, தை மாசி வரை பொறுங்கள். பாட்டியின் முதுகுப்புறம் இரண்டு கனமான கம்பளிகளைத் தொங்கவிடுங்கள். குன்னூரில் என் அறையிலும் அதுதான் ஏற்பாடு. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். உச்சத்தில் பாடும்போதும் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி இன்டர்ஃபேஸில் கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) வையுங்கள்.

இன்னொன்று, இதை மட்டும் தட்டாதீர்கள். பிளகின் எதையும் சேர்க்கும் முன் 24 பிட் வேவ் கோப்பாக ஒரு பிரதியைத் தனி டிரைவில் எடுத்து வையுங்கள். கோப்பின் பெயரிலேயே பாட்டின் முதல் அடி, பாடியவர் பெயர், ஊர், தேதி எல்லாம் இருக்கட்டும்.