மெஜாரிட்டி இருந்தால் மட்டும் போதுமா?

கேள்வி: மெஜாரிட்டி இல்லாத அரசு பேசினால் அயல்நாட்டுக்காரன் மதிப்பானா? உறுதியான அரசு வந்தால்தானே எங்கள் மீனவர்களுக்கு விடிவு?
– வாசகர் ஒருவர், குளச்சல்

பதில்: உங்கள் ஊர் ஆட்கள் மீனுக்குப் போகும், கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் மீன்பிடிப் பரப்பையே எடுத்துக்கொள்வோம். அது இந்தியாவுக்குத்தான் என்று இலங்கையோடு முடிவானது 1976 மார்ச் 23-ல். கூடவே ஒரு சலுகை: 6 இலங்கைக் கப்பல்கள் 3 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 2,000 டன் வரை அங்கே பிடித்துக்கொள்ளலாம். நமக்கு லாபமான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் குமரிக் கடற்கரையில் யாரைக் கேட்டார்கள்? டெல்லியில் இந்திரா காந்தியின் அசுர மெஜாரிட்டி, அதற்குமேல் நெருக்கடி நிலை. தமிழக அரசை ஜனவரி 31-லேயே கலைத்தாயிற்று. சட்டசபையில் எழுந்து கேட்க ஆளில்லை. 1974-ல் கச்சத்தீவு இலங்கைக்குத்தான் என்று ஒப்புக்கொண்டதும் இதே மெஜாரிட்டிதான்.

வெளிநாட்டோடு கையெழுத்துப் போட நம் நாட்டில் அமைச்சரவை முடிவே போதும், நாடாளுமன்ற ஓட்டு வேண்டாம். நம் நிலத்தை விட்டுக்கொடுப்பதென்றால்தான் அரசியல் சாசனத்தைத் திருத்தியாக வேண்டும். வங்கதேசத்தோடு 1974-ல் போட்ட எல்லை ஒப்பந்தம் 2015-ல் 100-வது திருத்தம் வந்த பிறகே நடைமுறைக்கு வந்தது. மற்றபடி, மெஜாரிட்டி இல்லாமல் தொடங்கிய நரசிம்ம ராவ் அரசு 1992 ஜனவரியில் இஸ்ரேலோடு முழு உறவு வைத்தது, 1993 செப்டம்பரில் சீனாவோடு எல்லை அமைதி ஒப்பந்தம் போட்டது. பெய்ஜிங்கில் யாரும் நம் எம்பிக்களைத் தலை எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

ஆபத்து 'வெளியிலிருந்து ஆதரவு' என்கிற ஏற்பாட்டில். பிரதமர் சந்திரசேகர் கையில் 60 சொச்சம் எம்பிக்கள், மீதி காங்கிரஸ் தயவு. 1991 வளைகுடாப் போரில் அமெரிக்க ராணுவ விமானங்கள் இங்கே எரிபொருள் நிரப்ப விட்டார். காங்கிரஸ் தலைவர் ராஜீவ் காந்தி எதிர்த்தார், பிப்ரவரியில் நிறுத்தவேண்டி வந்தது. கொடுத்ததை பாதியில் பிடுங்கினால் இரண்டு பக்கமும் கெட்ட பேர். ஆதரவு தருகிறவர் அமைச்சரவையில் இல்லை, அதனால் பழியிலும் பங்கில்லை. 2008-ல் அமெரிக்காவோடு அணு ஒப்பந்தத்தை எதிர்த்து இடதுசாரிகள் விலகியதும் இதே வழியில்தான். மன்மோகன் சிங் ஜூலை 22-ல் நம்பிக்கை ஓட்டெடுப்பில் 275-256 என்று தப்பினார். அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

தூத்தூர் விசைப்படகு, இந்தியப் பெருங்கடலில் அமெரிக்க ராணுவத் தளம் உள்ள டீகோ கார்சியா தீவுப் பக்கம் பிடிபட்டால் அலைகிறவர்கள் தூதரக அதிகாரிகள். ஆட்சி மாறினாலும் அந்த நாற்காலி காலியாவதில்லை. படகின் பதிவுத் தாள், கடலுக்குப் போனவர்களின் ஆதார் நகல், இரண்டும் கரையில் ஒருவர் கையில் இருக்கட்டும். முதலில் கேட்பது அதைத்தான்.