நேரில் யாரையும் சுடாத ராடோவன் கராஜிச்சுக்கு எப்படி ஆயுள் தண்டனை கிடைத்தது?

கராஜிச் மனநல மருத்துவர், கவிதை எழுதியவர். யூகோஸ்லாவியா உடைந்து பொஸ்னியாவில் போர் வெடித்த 1992-ல், அங்கே தனி அரசு அறிவித்திருந்த பொஸ்னிய செர்பியர்களின் அதிபரானார். கொலைக்களத்தில் அவர் நிற்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் பலர் கூட்டாக ஒரு குற்றத் திட்டத்தை நிறைவேற்றும்போது, அதில் பெரிய பங்கு வகித்தவர் சுடாவிட்டாலும் குற்றவாளிதான். போர்க்குற்றங்களை விசாரிக்க ஐ.நா. அமைத்த யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் இந்தக் கொள்கைப்படிதான் அவரை விசாரித்தது.

சரி, ஆதாரம்? 1995 மார்ச்சில் அவர் பிறப்பித்த 7-ஆம் எண் ராணுவ உத்தரவு, பொஸ்னிய முஸ்லிம்கள் அடைபட்டிருந்த ஸ்ரெப்ரெனிட்சா என்ற ஊரின் மக்களுக்கு உயிர்வாழும் நம்பிக்கையே இல்லாத நிலையை உருவாக்கச் சொன்னது. ஜூலையில் ஊர் பொஸ்னிய செர்பியப் படையிடம் வீழ்ந்தது. 13-ஆம் தேதி இரவு, அவர் நியமித்த நிர்வாகிக்கு இடைத்தரகர் வழியாகத் தொலைபேசியில் சொன்ன செய்தி ஒட்டுக்கேட்கப்பட்டது. 'சரக்கை' நாளை பன்னிரண்டு மணிக்குள் கிடங்கில் சேர்க்க வேண்டுமாம். சரக்கு என்றது பிடிபட்ட ஆண்களை, உயிருள்ள மனிதர்களை! அடுத்த சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இனப்படுகொலை நோக்கம் அவருக்கு இருந்தது என்று நீதிபதிகள் முடிவுக்கு வர இந்தப் பேச்சு முக்கியக் காரணம்.

பொஸ்னியத் தலைநகர் சரயேவோவின் முற்றுகையில் பொதுமக்களைக் குறிபார்த்துச் சுட்டதற்கும் அவர் பொறுப்பாக்கப்பட்டார். ஆனால் 1992-ல் பொஸ்னியாவின் மற்ற நகராட்சிகளில் நடந்தது இனப்படுகொலை என்ற குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். அங்கே உறவுகளைப் பறிகொடுத்தவர்களை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

தாடி வளர்த்து, பெயர் மாற்றி, பெல்கிரேடில் மாற்று மருத்துவராக ஒளிந்திருந்தவர் 2008-ல் பிடிபட்டார். 2016-ல் 40 ஆண்டு சிறை. அப்புறம் மேல்முறையீட்டில், 2019-ல், அது ஆயுள் தண்டனையாக உயர்ந்தது.