ஸ்பைக் கார்டு இருந்தும் டிவி ஏன் போனது?

வாசகர் கேள்வி – பதில்: ஹோம் தியேட்டருக்கு மின் பாதுகாப்பு

கேள்வி: டிவி, ஏவி ரிசீவர் (ஹோம் தியேட்டரின் ஒலி, படத்தைக் கையாளும் பெட்டி) இரண்டையும் நல்ல விலை கொடுத்து வாங்கிய ஸ்பைக் கார்டில்தான் செருகியிருந்தோம். மழையும் இல்லை, இடியும் இல்லை. ஒரு பகலில் திடீரென்று ஃபேன் தலைதெறிக்கச் சுற்றியது, பல்புகள் பளீரென்று எரிந்தன. ஸ்பைக் கார்டிலிருந்து புகை வந்தது. டிவியும் ரிசீவரும் காலி. போலிச் சரக்கை வாங்கிவிட்டோமா?
– வாசகர், மதுரை

பதில்: போலியாக இருக்க வேண்டியதில்லை. ஸ்பைக் கார்டால் முடியாத வேலை அதன் தலையில் விழுந்திருக்கிறது. நீங்கள் சொல்வதெல்லாம் நியூட்ரல் கட் ஆனதன் அடையாளங்கள். மூன்று ஃபேஸ்களுக்கும் பொதுவான நியூட்ரல் கம்பி கம்பத்திலோ மீட்டர் போர்டிலோ விட்டுப்போனால், உங்கள் வீடும் வேறு ஃபேஸில் இருக்கும் வீடும் இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே வரிசையாக மாட்டிக்கொள்ளும். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே சுமார் 400 வோல்ட். எந்த வீட்டில் லோடு குறைவோ, அந்த வீட்டுக்கு வோல்ட்டேஜில் பெரிய பங்கு. அடுத்த வீட்டில் ஏசி ஓடி, உங்கள் வீட்டில் டிவி மட்டும் ஓடினால் 350, 380 வோல்ட் உங்களுக்குத்தான்.

ஸ்பைக் கார்டுக்குள் இருப்பது எம்ஓவி என்ற துத்தநாக ஆக்சைடு வில்லை. 20டி471கே என்று அச்சிட்டது பரவலாகக் கிடைக்கும்: 20 மி.மீ. விட்டம், 470 வோல்ட்டில் கடத்தத் தொடங்கும், தொடர்ந்து தாங்குவது 300 வோல்ட் ஏசி. மைக்ரோ விநாடிகளில் வந்து போகும் வோல்ட்டேஜ் எழுச்சியை (சர்ஜ்) அது விழுங்கும். ஆனால் 380 வோல்ட் ஏசியின் உச்சம் 537 வோல்ட். விநாடிக்கு 100 முறை அது 470-ஐத் தாண்டுவதால், வில்லை ஓயாமல் கடத்திச் சூடேறி வெடிக்கிறது. அதே 537 வோல்ட்தான் டிவியின் பவர் சப்ளையில் 400 அல்லது 450 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டரின் மேலும் ஏறுகிறது. டிவி போனது அதனால்.

இதற்கு மருந்து வேறு. டிபி பாக்ஸில் (வீட்டுக்குள் கரன்ட்டைப் பிரித்தனுப்பும் பெட்டி) பொருத்தும் வோல்ட்டேஜ் ப்ரொடெக்டர் ரிலே என்று கேளுங்கள். 40 அல்லது 63 ஆம்பியரில் கிடைக்கும். மேல் வரம்பு 265–270 வோல்ட், கீழ் வரம்பு 170, கரன்ட் திரும்பி வந்தபின் காத்திருக்கும் நேரம் 180 விநாடி என்று செட் செய்யுங்கள். காத்திருப்பைக் குறைக்கச் சொல்லி வீட்டில் நச்சரிப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். கரன்ட் வந்த முதல் நிமிடங்களில்தான் தெருவின் மோட்டார்களும் ஏசிகளும் ஒன்றாக எழுந்து வோல்ட்டேஜை ஆட்டிவைக்கும். மூன்று ஃபேஸ் இணைப்பு என்றால் ஒவ்வொரு ஃபேஸுக்கும் ஒன்று வேண்டும்.

இன்னொன்று: ஓர் அறையில் விளக்கு மங்கி, இன்னோர் அறையில் பளீரென்று எரிந்தால் காரணம் தேடிக்கொண்டு நிற்காமல் முதலில் மெயினை அணையுங்கள்.

கேள்வி: மெயின் போர்டில் சர்ஜ் அரெஸ்டர் வைக்கச் சொல்கிறார்கள். எதைக் கேட்டு வாங்குவது? எலக்ட்ரீஷியன் சரியாக மாட்டினாரா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகி, கரூர்

பதில்: வீட்டுக்கு டைப் 2 எஸ்பிடி (சர்ஜ் அரெஸ்டரின் இன்னொரு பெயர்) போதும். கூரையில் இடிதாங்கி உள்ள கட்டடமென்றால் டைப் 1+2. பெட்டியின் மேல் பார்க்க வேண்டியவை: தொடர் வோல்ட்டேஜ் 275 அல்லது 320, பெயரளவு மின்னோட்டம் 20 கிலோ ஆம்பியர், உச்சம் 40 கிலோ ஆம்பியர், பாதுகாப்பு வோல்ட்டேஜ் 1.5 கிலோ வோல்ட்டோ அதற்குக் கீழோ. நம் வீடுகளில் எர்த் என்பது பெரும்பாலும் வீட்டுக்கென்று தோண்டிய குழிதான், அதனால் ‘1+1’ அமைப்பு உள்ளதைக் கேளுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே எம்ஓவி, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வாயு நிரப்பிய இடைவெளிக் குழல் என்று அதில் இரண்டு கார்ட்ரிட்ஜ்கள் இருக்கும். கார்ட்ரிட்ஜில் உள்ள சிறு ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்பானால் கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றலாம்.

நல்ல பொருளையும் வீணாக்குவது ஒயரின் நீளம். மெயின் ஸ்விட்சிலிருந்து எஸ்பிடிக்கு, அங்கிருந்து எர்த் பட்டைக்கு, இரண்டும் சேர்ந்து 50 செ.மீ. தாண்டக் கூடாது. ஒரு மீட்டர் ஒயருக்குச் சுமார் 1 மைக்ரோ ஹென்றி இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் தன்மை) உண்டு. மைக்ரோ விநாடிக்கு 1 கிலோ ஆம்பியர் வேகத்தில் மின்னோட்டம் ஏறும்போது அந்த ஒரு மீட்டரிலேயே 1,000 வோல்ட் நிற்கும். 1.5 கிலோ வோல்ட் என்று காசு கொடுத்து வாங்கியது 2.5 ஆகிவிடும். அழகாக இருக்கட்டும் என்று ஒயரைச் சுருட்டி டேப் போட்டிருந்தால் இன்னும் மோசம். எர்த்துக்கு 6 சதுர மி.மீ. செம்பு ஒயர், ஆர்சிசிபிக்கு (கரன்ட் கசிந்தால் அணைக்கும் ஸ்விட்ச்) முன்னால் எஸ்பிடி, எஸ்பிடிக்குத் தனியாக எம்சிபி (தானே அணையும் ட்ரிப் ஸ்விட்ச்) அல்லது ஃப்யூஸ் (எத்தனை ஆம்பியர் என்பது தயாரிப்பாளரின் தாளில் இருக்கும்). இவ்வளவையும் கண்ணாலேயே சரிபார்க்கலாம்.

எர்த் குழியைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 காட்டுவதை வைத்து நம்பிவிடாதீர்கள், காய்ந்துபோன குழியும் 230 காட்டும். எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள், 5 ஓமுக்குள் வந்தால் நல்லது. கோடையில் குழியில் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஹாலும் மெயின் போர்டும் 10 மீட்டருக்கு மேல் தள்ளியிருந்தால் டிவி அருகே ஸ்பைக் கார்டும் வேண்டும். நீண்ட ஒயரில் எழுச்சி எதிரொலித்து மறுபடி உயரும். ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றிலும் எம்ஓவி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கடையில் ஸ்பைக் கார்டு என்று விற்பதில் பல வெறும் ஸ்விட்ச் பாக்ஸ். அதிலுள்ள சிவப்புப் பொத்தான் ஓவர்லோடுக்கானது, எழுச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: இடி இடித்த மறுநாள் டிவியில் படம் வருகிறது, ஆனால் செட்டாப் பாக்ஸ் செருகிய எச்டிஎம்ஐ மட்டும் வேலை செய்யவில்லை. ரிசீவரிலும் அதே கதை. கரன்ட் வழியாக வந்திருந்தால் எல்லாம் போயிருக்க வேண்டாமா?
– வாசகர், தென்காசி

பதில்: சரியாகப் பிடித்துவிட்டீர்கள். எழுச்சி வந்த வழி பிளக் பாயின்ட் இல்லை, மாடியில் இருக்கும் டிஷ். அருகில் எங்கோ விழுந்த மின்னல்கூட 20 மீட்டர் கேபிளில் வோல்ட்டேஜைத் தூண்டும். அது செட்டாப் பாக்ஸுக்குள் இறங்கி, எச்டிஎம்ஐ வழியாக ரிசீவருக்கும் டிவிக்கும் போய், பவர் ஒயரின் எர்த்தைத் தேடி ஓடுகிறது. எச்டிஎம்ஐயின் சிப் 5 வோல்ட்டில் பிழைப்பு நடத்துவது. அதுதான் முதல் பலி.

டிஷ் கம்பத்தை 6 சதுர மி.மீ. செம்பு ஒயரால் வீட்டின் எர்த்தோடு சேருங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் 75 ஓம், எஃப் வகை கோஆக்ஸ் அரெஸ்டர் (டிஷ் கேபிளுக்கான சர்ஜ் அரெஸ்டர், 90 வோல்ட் வாயுக் குழல் உள்ளது) போட்டு அதையும் அதே எர்த்தோடு சேருங்கள். டிஷ்ஷின் எல்என்பிக்கு (சிக்னலை வாங்கும் முனை) கேபிள் வழியாக 13 அல்லது 18 வோல்ட் டிசி போக வேண்டும், அதை விடக்கூடிய மாடல்தானா என்று பாருங்கள். ‘அதே எர்த்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். டிஷ்ஷுக்குத் தனிக் குழி, சவுண்ட் சிஸ்டத்துக்குத் தனிக் குழி என்று வெட்டி, அவற்றை இணைக்காமல் விட்டால், மின்னல் நேரத்தில் இரண்டு குழிகளுக்கும் இடையே ஆயிரக்கணக்கில் வோல்ட் நிற்கும். அது கடக்கும் பாலம் உங்கள் எச்டிஎம்ஐ.

ஃபைபர் இணைப்பில் கண்ணாடி இழை கரன்ட் கடத்தாது. ஆனால் அதோடு ஒட்டிவரும் இரும்புக் கம்பி கடத்தும். கம்பியை வீட்டுக்கு வெளியிலேயே கட்டி நிறுத்திவிட்டு, உள்ளே இழையை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மின்னலே இல்லாமலும் எச்டிஎம்ஐ போவதுண்டு. எர்த் இல்லாத பெட்டிகளின் உலோகப் பாகத்தில் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் கரன்ட் நிற்கும், தொட்டால் சுருக்கென்று இருப்பது அதுதான். எல்லாவற்றையும் அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகே எச்டிஎம்ஐ செருகுங்கள்.

கேள்வி: ஸ்டெபிலைசர், யுபிஎஸ் இரண்டில் எது? எங்களிடம் லேம்ப் புரொஜெக்டர் இருக்கிறது.
– வாசகி, ஈரோடு

பதில்: புதிய டிவிகள் 100 முதல் 240 வோல்ட் வரை தாமே சமாளிக்கும். ஸ்டெபிலைசர் ரிலே மாறுவதற்கு மில்லி விநாடிகள் பிடிக்கும், எழுச்சி அதற்குள் வந்து போய்விடும். அதனால் டிவிக்கு ஸ்டெபிலைசர் தேவையில்லை. புரொஜெக்டருக்கு யுபிஎஸ் அவசியம். கரன்ட் போனதும் ஃபேன் நின்று சூடான லேம்ப் வெந்துபோகும். அணைத்தபின் ஃபேன் ஓடி முடிக்க இரண்டு மூன்று நிமிடம் கிடைத்தால் போதும். ரிசீவரையும் அதில் இணைப்பதாக இருந்தால் சைன் வேவ் உள்ளதை வாங்குங்கள். ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரில் ரிசீவரின் டிரான்ஸ்ஃபார்மர் ‘உம்ம்’ என்று இரைந்து சூடாகும்.

கேள்வி: வாடகை வீடு, எர்த்தே இல்லை. பிளக் பாயின்ட்டில் எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன்.
– வாசகர், சென்னை

பதில்: வேண்டவே வேண்டாம். நியூட்ரல் விட்டுப்போன நொடியில் ரிசீவரின் உலோகப் பெட்டி முழுக்க 230 வோல்ட் ஏறும். எர்த் இல்லாவிட்டாலும் ஸ்பைக் கார்டின் ஃபேஸ்–நியூட்ரல் பாதுகாப்பு வேலை செய்யும். சப்வூஃபர் இரைச்சலுக்காக எர்த் பின்னை வெட்டுகிறவர்களுக்கும் இதே பதில்தான். எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயின்ட்டுக்குக் கொண்டுவந்தாலே இரைச்சல் பெரும்பாலும் அடங்கும்.

கேள்வி: இடி மழையில் எதை முதலில் பிடுங்குவது?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: டிஷ் கேபிள், லேன் கேபிள், பிறகு பவர் பிளக். ஸ்விட்சை அணைப்பது போதாது, அதன் இடைவெளி சில மில்லி மீட்டர்தான். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் 10 கிலோ மீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு ஒயரைத் தொடாதீர்கள், டிவி போனால் போகட்டும். முன்கூட்டியே தெரிந்துகொள்ள, புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலி உதவும். பிடுங்கும்போது சோபாவுக்குப் பின்னால் தனி பிளக்கில் இருக்கும் சப்வூஃபரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.