முகூர்த்த சீசனும் பழைய ஐ5-உம்: ஓவர்க்ளாக் செய்யலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். 2012இல் வாங்கிய சிஸ்டம். இன்டெல் ஐ5-2500கே, 8 ஜிபி ராம், ஹார்டு டிஸ்க். கல்யாண வீடியோவை ரெண்டர் போட்டால் விடிந்தே போகிறது. ஓவர்க்ளாக் செய்தால் 5 கிகாஹெர்ட்ஸ் ஓடும் என்கிறான் அக்கா மகன். செய்யலாமா? போர்டு போய்விடுமா?

பதில்: ஓவர்க்ளாக் என்றால் ப்ராசஸரை அதற்கு நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. உங்கள் அக்கா மகன் சொல்வது பொய் இல்லை. 2011 ஜனவரியில் வந்த இந்த 2500கே, ஓவர்க்ளாக் பிரியர்களிடம் இன்றும் நல்ல பெயர் உள்ள சிப். நல்ல கூலர் மாட்டி 5 வரை ஓட்டியவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் ஓட்டியது அன்றைய புது போர்டில், புது எஸ்எம்பிஎஸ்ஸில் (சிஸ்டத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி). உங்களுக்கு 4.2 கிகாஹெர்ட்ஸ் போதும். அதையும் கடைசியில்தான் தொட வேண்டும்.

முதலில், ரெண்டர் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஐந்து நிமிடம் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று, ப்ராசஸர் 40, 50 என்று சும்மா இருந்தால் ஓவர்க்ளாக் செய்து பயனே இல்லை. எஸ்எஸ்டி போடுங்கள். ராம் நிரம்பி வழிந்தால் 16 ஜிபி ஆக்குங்கள். பழைய டிடிஆர்3 ராம் செகண்ட் ஹேண்டில் மலிவாகவே கிடைக்கும். ப்ராசஸர் 100ஐத் தொட்டு இறங்காமல் நின்றால் மட்டும் மேலே படியுங்கள்.

அடுத்தது கேபினெட்டைத் திறப்பது. போன கோடையில் பர்கூர் பக்கமிருந்து என் மேஜைக்கு ஒரு சிஸ்டம் வந்தது. ஓனர் கேட்டதும் உங்கள் கேள்வியைத்தான். உள்ளே ஃபேன் இறக்கையெல்லாம் கிரானைட் தூள், மாவு பூசியது போல. ப்ராசஸரின் சூட்டை வாங்கும் ஹீட் சிங்கின் நாலு பிளாஸ்டிக் காலில் ஒன்று போர்டை விட்டு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. கீழே இருந்த, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. ரெண்டர் போட்ட மூன்றாவது நிமிடமே சூடு 97 டிகிரி. இந்தச் சிப்புக்கு 98தான் எல்லை. அதைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதாவது அவர் வேகம் கூட்டக் கேட்ட சிஸ்டம், இருக்கிற வேகத்திலேயே ஓடவில்லை. ப்ளோயர் அடித்து, புது பேஸ்ட் வைத்து, நாலு காலும் ‘டக்’கென்று உட்காரும்வரை அழுத்தினேன். அதே வேலைக்கு 68 வந்தது. அவர் அதற்கப்புறம் ஓவர்க்ளாக் பேச்சையே எடுக்கவில்லை.

போர்டு பெயரை நீங்கள் எழுதவில்லை, அதுதான் முக்கியம். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் மெயின்போர்டு பக்கத்தைப் பாருங்கள். சிப்செட் பி67, இசட்68, இசட்77 என்றால் வழி உண்டு. எச்61 என்றால் பெயருக்குப் பின்னால் ‘கே’ இருந்தும் புண்ணியமில்லை. மல்டிப்ளையரை, அதாவது வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கு எண்ணைக் கூட்ட அந்தப் போர்டு விடாது. நம் ஊரில் அந்தக் காலத்தில் அசெம்பிள் செய்தவற்றில் எச்61 ஏராளம் என்பதால்தான் சொல்கிறேன்.

வழி இருந்தால் செய்முறை எளிது. கல்யாண ஃபைல்கள் எல்லாவற்றையும் முதலில் வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடுங்கள். நிலையில்லாத ஓவர்க்ளாக் ஹேங் ஆனால்கூடப் பரவாயில்லை, சத்தமில்லாமல் ஃபைலைக் கெடுத்துவிடும். தாலி கட்டியதை மறுபடி கட்டச் சொல்லி எடுக்க முடியாது. பயாஸில் (சிஸ்டம் ஆன் ஆகும்போது திறக்கும் போர்டின் செட்டிங்ஸ்) இப்போதுள்ள பக்கங்களை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிஸ்டத்தை ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பின்னால் போகிறது என்றால் போர்டிலுள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.

இந்தச் சிப்பின் வேகம் 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரத்தை ஒரு எண்ணால் பெருக்கி வருவது. நாலு கோரும் உழைக்கும்போது அந்த எண் 34. அந்த 100ஐத் தொடவே தொடாதீர்கள். பிசிஐ, சாட்டா எல்லாம் அதோடு கட்டிப்போட்டவை, நாலைந்து கூட்டினாலே தகராறு. பெருக்கும் எண்ணை மட்டும் 38, 40, 42 என்று ஏற்றுங்கள். வோல்டேஜை ‘ஆட்டோ’வில் விடாதீர்கள். நான் அப்படி விட்டு என் சொந்த போர்டு ஒன்றில் கெப்பாசிட்டர் வெடித்திருக்கிறது. தேவைக்கு மேல் தாராளமாக வோல்டேஜைத் தள்ளிவிட்டது. 1.25 வோல்ட்டில் தொடங்குங்கள். ப்ளூ ஸ்கிரீன் வந்து எண் 101 அல்லது 124 என்று முடிந்தால் பெரும்பாலும் வோல்டேஜ் போதவில்லை, துளித்துளியாக 1.30 வரை போகலாம். அதிலும் நிற்கவில்லை என்றால் எண்ணை இறக்குங்கள், வோல்டேஜை ஏற்றாதீர்கள். ஒவ்வொரு படிக்கும் அரைமணி நேரம் ப்ரைம்95 என்ற சோதனை மென்பொருள், பிறகு உங்கள் ரெண்டர் ஒன்று முழுசாக. சூடு 80ஐத் தாண்டக்கூடாது. சிப்போடு வந்த சின்ன ஃபேனில் 4.2 சரிப்படாது, டவர் கூலர் வேண்டும். நல்லவேளையாக இந்தத் தலைமுறையில் சிப்பின் மூடியை உள்ளே சோல்டர் செய்திருக்கிறார்கள், சூடு சட்டென்று வெளியே வரும். அடுத்த தலைமுறையிலேயே அதற்குப் பதில் பேஸ்ட் வைத்துவிட்டார்கள்.

ஏன் 4.2? 3.4இலிருந்து அங்கே போனால் வேகம் சுமார் 23 சதவீதம் கூடும். ஒரு மணி நேர ரெண்டர் 49 நிமிடத்தில் முடியும். ஆனால் மின்சாரம் வேகத்தோடும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறும். 1.20இலிருந்து 1.30 போனால் சிப் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட 45 சதவீதம் கூடும். அந்தச் சுமை முழுக்க விழுவது பத்து வருடம் தாண்டிய கெப்பாசிட்டர்கள் மேலும் எஸ்எம்பிஎஸ் மேலும்தான். நீங்கள் பயப்பட வேண்டியது சிப்புக்காக அல்ல. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நல்லதாக மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். லேபிளில் 450 வாட் என்று அச்சடித்த லோக்கல் பெட்டியை நம்பி இதில் இறங்க வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் கேமரா 10-பிட் எச்இவிசி என்ற சுருக்கு முறையில் வீடியோவைப் பதிகிறதா? அதைப் பிரித்துப் படிக்கும் வன்பொருள் இந்தச் சிப்பில் இல்லை. டைம்லைன் திக்கித் திணறுவது அதனால் என்றால் 4.2 ஆனாலும் திக்கும். ப்ராக்ஸி, அதாவது தரம் குறைத்த நகல் போட்டு எடிட் செய்யுங்கள். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு இலவச ஆதரவு முடிந்தது, 11 இந்தச் சிப்பை முறைப்படி ஏற்காது. ஆகவே கூலருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் மேல் இதில் பணம் போடாதீர்கள். அந்த எஸ்எம்பிஎஸ்ஸும் எஸ்எஸ்டியும் நாளை வாங்கும் புது சிஸ்டத்துக்கும் ஆகும்.

4.2 நின்றுவிட்டால் பயாஸில் அதை ஒரு ப்ரொஃபைலாகச் சேமியுங்கள், 38ஐ இன்னொன்றாக. அறைச் சூடு பத்து டிகிரி ஏறினால் சிப்பும் கிட்டத்தட்ட அவ்வளவு ஏறும். ஸ்டுடியோ மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் சித்திரை, வைகாசியில் பகல் ரெண்டருக்கு 38, ராத்திரிக்கு 42.